கணக்குப் புத்தகம் யார் கையில்?

ஆர்தர் சி. கிளார்க் 1979இல் வெளியிட்ட 'த ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' நாவலில் பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி எழுகிறது. அது எழும் மலையின் பெயர் ஸ்ரீகண்ட. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த கிளார்க், சிவனொளிபாதமலையை மனத்தில் வைத்துத்தான் அந்த மலையைப் படைத்தார். கதைக்குத் தேவைப்பட்டதால் தீவையே நிலநடுக்கோட்டுக்கு நகர்த்திக்கொண்டார். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்கள் நிமிர்ந்தால் கண்ணில் படும் அதே மலை, எதிர்காலத்தின் படிக்கட்டாக உலகெங்கும் வாசிக்கப்பட்டது.

அந்த மலையடிவாரத்தில் வேலை செய்பவருக்கு எந்தப் பணத்தில் கூலி கிடைக்கும்? அந்தக் கூலிக்கு அரிசி யாரிடம் வாங்குவார்? வேலை பிடிக்காவிட்டால் கணக்கை முடித்துக்கொண்டு போக முடியுமா? அறிவியல் புனைவு வாசிக்கும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கற்பனை உலகத்திடமும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. வானத்தின் நிறம், விண்கலத்தின் வேகம், வேற்றுக்கிரகவாசிகளின் மொழி என்று எல்லாவற்றையும் யோசித்து முடித்த பிறகுதான் பல எழுத்தாளர்கள் பணத்துக்கு வருகிறார்கள். ஒரு பொற்காசையோ 'கிரெடிட்' என்ற பெயரையோ வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் ஓர் உலகத்தில் யார் யாருக்குக் கட்டுப்படுவார், யார் நள்ளிரவில் ஓடிப்போக நினைப்பார் என்பதைப் பணம்தான் முடிவுசெய்கிறது.

இதற்குச் சான்று இலங்கையின் மலையகத்திலேயே இருக்கிறது. தனக்கென்று எல்லை, தனக்கென்று மணியடிக்கும் நேரம், தனக்கென்று ஓர் அதிகாரம், தனக்கென்று ஒரு கணக்கு என எல்லாம் கொண்ட தனி உலகங்களாகத் தேயிலைத் தோட்டங்கள் நூறாண்டுக்கும் மேல் இயங்கின.

பொன் அல்ல, பதிவு

தாமஸ் மோர் 1516இல் எழுதிய 'உட்டோப்பியா'வில் தங்கத்துக்கு மதிப்பே இல்லை. அந்தத் தீவின் மக்கள் தங்கத்தில் மலசலப் பாத்திரம் செய்கிறார்கள், அடிமைகளுக்குத் தங்கச் சங்கிலி பூட்டுகிறார்கள். உலோகத்துக்கு மதிப்பைக் கொடுப்பது மனிதர்களின் ஒப்பந்தமே என்பதை மோர் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டார். கூடவே இன்னொன்றும் அதில் இருக்கிறது: தங்கத்தின் மதிப்பு போன பிறகும் சங்கிலி போகவில்லை.

மெசப்பொத்தேமியாவில் நாணயம் அச்சிடப்படுவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே களிமண் பலகைகளில் கடன் எழுதப்பட்டது. யார் யாருக்கு எவ்வளவு தானியம் தர வேண்டும் என்ற பதிவு முதலில் வந்தது, காசு பின்னர் வந்தது. பணத்தைப் பற்றிய இன்றைய சிந்தனையில் வலுவான ஒரு மரபு இதிலிருந்தே தொடங்குகிறது. நாம் கையில் வைத்திருக்கும் நோட்டும் வங்கிக் கணக்கில் தெரியும் எண்ணும் 'இவருக்கு இவ்வளவு தரப்பட வேண்டும்' என்ற பதிவின் வடிவங்களே.

உர்சுலா லெ குவின் 1974இல் எழுதிய 'த டிஸ்பொசெஸ்டு' நாவலில் அனாரஸ் என்ற சந்திரனில் பணமே கிடையாது. ஆனால் யாருக்கு எந்த வேலை என்று ஒதுக்கும் கணினி அமைப்பு உண்டு. யாருடைய ஆய்வு வெளிவர வேண்டும் என்று முடிவுசெய்யும் மூத்தவர்கள் உண்டு. பணத்தை ஒழித்தாலும் கணக்கு ஒழிவதில்லை என்று அந்த நாவல் காட்டுகிறது.

ஆகவே எந்த உலகத்தின் பணத்தையும் புரிந்துகொள்ள மூன்று கேள்விகள் போதும். கணக்கை எழுதுவது யார், அதை யாரால் படிக்க முடியும்? அந்த உலகத்தின் பணம் வெளியுலகப் பணமாக மாறும் விகிதம் யார் கையில்? கணக்கை முடித்துக்கொண்டு வெளியேற வழி உண்டா?

தகர டிக்கெட்டும் துண்டும்

முதல் கேள்வியோடு மலைக்கு வருவோம். காப்பிக் காலத்திலும் தேயிலையின் தொடக்க காலத்திலும் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, ராமநாதபுரம் பகுதிகளின் கிராமங்களுக்குப் தோட்டத்துக்கு ஆள் திரட்டி மேற்பார்க்கும் பெரிய கங்காணி ஆள் கட்டப் போவார். அவர் கையில் தோட்டத்துரை கொடுத்த முற்பணம் இருக்கும். ஊரில் இருந்த சில்லறைக் கடனை அடைக்க, வழிச்செலவுக்கு, ஒரு கம்பளிக்கு, வழியில் சாப்பாட்டுக்கு என்று அதிலிருந்து செலவு செய்வார். அத்தனையும் தொழிலாளியின் பெயரில் பற்றாக ஏறும். மலையில் முதல் நாள் மண்வெட்டியைத் தொடும்போதே அவர் கடன்காரர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர டிக்கெட் வந்தது. மாவட்டத்தையும் தோட்டத்தையும் காட்டும் அடையாளங்கள் பொறித்த சிறு தகடு அது. பதிவு செய்துகொண்ட தொழிலாளி அதை அணிந்துகொண்டு முகாம், கப்பல், ரயில் என்று கையில் காசில்லாமலேயே தோட்டம் வந்து சேரலாம். பயணச் செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். நாணயம் போலவே அதுவும் ஓர் உலோகத் துண்டுதான். ஆனால் நாணயம் தன்னை வைத்திருப்பவருக்கு யாரோ தர வேண்டியதைச் சொல்லும். தகர டிக்கெட், அதை அணிந்தவரை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதைச் சொன்னது.

இந்தக் கணக்கின் மையம் துண்டு. தன்னிடம் உள்ள கங்காணியும் அவருடைய ஆட்களும் பட்ட கடனை அடைத்துவிட்டால் அவர்களை விடுவிக்கச் சம்மதம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கங்காணி அதை எடுத்துக்கொண்டு இன்னொரு தோட்டத்துக்குப் போவார். புதிய துரை பழைய கடனை அடைப்பார், கங்காணிக்கு மேலும் முற்பணம் தருவார். ஆட்கள் இடம் மாறுவார்கள். பழைய கடன் தீர்ந்துவிட்டதா? இல்லை. புதிய தோட்டத்தில், கூடிய தொகையாக, அதே ஆட்களின் தலையில் அது எழுதப்படும்.

பொருளியல் மாணவர்கள் இங்கே நின்று யோசிக்க வேண்டும். ஆளுக்குத் தட்டுப்பாடு வந்தால் கூலி உயரும் என்பது பாடப்புத்தக விதி. இங்கே ஆளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது கூலி உயரவில்லை, துண்டின் தொகை உயர்ந்தது. தோட்டங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு ஏற்றிய விலை தொழிலாளியின் கைக்கு வருமானமாக வராமல், அவர் பெயரில் கடனாக வந்து சேர்ந்தது. உழைப்புக்குக் கிராக்கி கூடக் கூட உழைப்பவர் மேலும் கடனாளியானார். சந்தை விதி பொய்த்துவிடவில்லை. வரவுப் பக்கத்தில் எழுத வேண்டியதைப் பற்றுப் பக்கத்தில் எழுதும் அதிகாரம் வேறொருவரிடம் இருந்தது, அவ்வளவுதான். கங்காணிக்கு வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் தனியாகத் தலைக்காசும் கிடைத்தது. சம்பளமும் பெரும்பாலும் அவர் கை வழியாகவே வந்ததால், எவ்வளவு வர வேண்டியது, எவ்வளவு கழிந்தது என்று தொழிலாளிக்குத் தெரிய வழியில்லை.

பிரெடரிக் போலும் சிரில் கோர்ன்புளூத்தும் எழுதி 1953இல் நூலாக வந்த 'த ஸ்பேஸ் மெர்ச்சன்ட்ஸ்' நாவலில் இதே காட்சி வருகிறது. விளம்பர நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவர் அடையாளத்தை இழந்து, பாசி வளர்க்கும் மாபெரும் தொழிற்தோட்டம் ஒன்றில் ஒப்பந்தக் கூலியாகிறார். முதல் நாளே கடன். அங்கே விற்கும் தின்பண்டம் ஒரு பானத்தின் மேல் ஆசையைக் கிளப்பும், பானம் சிகரெட்டின் மேல், சிகரெட் மறுபடியும் தின்பண்டத்தின் மேல். சம்பளத்தைவிடச் செலவு எப்போதும் ஓர் அடி முன்னால் நிற்கும். அமெரிக்க வாசகர்கள் அதை எதிர்காலக் கற்பனையாகப் படித்தார்கள். இலங்கையில் துண்டு முறை சட்டத்தால் தடைசெய்யப்பட்டது 1921இல், அந்த நாவல் வருவதற்கு 32 ஆண்டுகள் முன்பு.

மூன்று அடுக்குப் பணம்

இரண்டாவது கேள்வி மாற்று விகிதம் பற்றியது. பிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' 1965இல் வந்தது. ஒரே ஒரு பாலைவனக் கிரகத்தில் மட்டும் கிடைக்கும் 'ஸ்பைஸ்' என்ற பொருளின் மேல் ஒரு பேரரசின் பொருளாதாரமே நிற்கிறது. அதை எடுக்கும் மண்ணில் வாழ்பவர்களுக்கு அதன் செல்வத்தில் பங்கில்லை. இலங்கையின் கதை இதற்குத் தூரமில்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் காப்பியில் இலைத்துரு நோய் கண்டது. காப்பி அழிந்தது, தேயிலை மலைகளை மூடியது. 1883 ஜூலை 30ஆம் தேதி கொழும்பில் முதல் பொதுத் தேயிலை ஏலம் நடந்தது. 1960 வாக்கில் நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கும் மேல் தேயிலையிலிருந்து வந்தது.

அந்த ஒரே கொழுந்து மூன்று வகைப் பணமாக மாறியது. லண்டனில் அது பவுன். கொழும்பில் அது ரூபாய். தோட்டத்தில் அது செக்ரோல் என்ற வேலைநாள் பதிவேட்டில் விழும் ஒரு பேர். பிரட்டு எனும் காலை ஆள்கணக்கெடுப்புக்கு வந்து, அன்றைய வேலையை முடித்தால் ஒரு பேர். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். மாத முடிவில் பேர்களைக் கூட்டி, அரிசிக்கும் முற்பணத்துக்கும் கழித்து, மிஞ்சியதே கையில் வரும் காசு.

இந்த அடுக்குகளுக்கிடையே விகிதம் மாறும்போது என்ன நடந்தது என்பதை 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி தெளிவாகக் காட்டுகிறது. இலங்கை அப்போது வெள்ளி ரூபாயைப் பயன்படுத்தியது. 1872இல் அது 100 சதமாக வகுக்கப்பட்டது. 1870களின் தொடக்கத்தில் ஒரு ரூபாய் ஏறத்தாழ 2 ஷில்லிங், அதாவது 24 பென்ஸ். ஆண் தொழிலாளியின் நாட்கூலி 33 சதத்தை ஒட்டி நின்றது. பவுன் கணக்கில் அது 8 பென்ஸ். பின்னர் உலகச் சந்தையில் வெள்ளி சரிந்தது. 1890களின் நடுவில் ரூபாய் 13 பென்ஸ் அளவுக்கு இறங்கியது. கூலி அதே 33 சதம். பவுன் கணக்கில் இப்போது அது நாலரை பென்ஸைக்கூட எட்டவில்லை. தேயிலையைப் பவுனில் விற்று, கூலியை ரூபாயில் கொடுத்த தோட்டத்துக்கு உழைப்பின் செலவு கிட்டத்தட்டப் பாதியானது. யாரும் கூலியைக் குறைக்கவில்லை, யாரும் யாரோடும் சண்டை போடவுமில்லை. இந்தியாவிலிருந்து வந்த அரிசியின் விலையும் ரூபாயிலேயே இருந்ததால் தொழிலாளியின் தட்டில் அந்தச் சரிவு அதே அளவில் தெரியவில்லை. தேயிலை கொழிக்கத் தொடங்கிய அந்தக் காலத்தின் லாபத்தில் அவருக்கு வர வேண்டிய பங்கு மட்டும் சத்தமில்லாமல் கரைந்தது.

இதை 2022இல் மறுபடியும் பார்த்தோம். 2021 மார்ச்சில் சம்பளச் சபை மூலம் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனபோது ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாய். அந்த ஆயிரம் ரூபாய் 5 டொலர். நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென்று 2022 ஏப்ரல் 12இல் அறிவித்தது. சில வாரங்களில் ஒரு டொலர் 360 ரூபாயைத் தொட்டது. அதே ஆயிரம் ரூபாய் 2 டொலர் 80 சதத்துக்கும் கீழே போனது. தேயிலை டொலரில்தான் விற்றுக்கொண்டிருந்தது. இம்முறை கோதுமை மாவின் விலையும் சேர்ந்து ஏறியதால் தொழிலாளர் குடியிருப்பான லயத்து அடுப்பும் தப்பவில்லை.

அதே நெருக்கடியில் தேயிலையே பணமானது. 2012இல் ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கான ஏறத்தாழ 25 கோடி டொலர் கடனை, மாதம் 50 லட்சம் டொலர் பெறுமதியான தேயிலையால் அடைப்பதென்று 2021 டிசம்பரில் உடன்பாடு கையெழுத்தானது. முன்னொரு காலத்தில் திபெத்திலும் மங்கோலியாவிலும் அழுத்திய தேயிலைக் கட்டிகள் காசாகவே புழங்கின. கற்பனைக் கதைகளில் வரும் 'பொருளே பணம்' என்ற அமைப்பு நம் காலத்திலேயே, நம் மலையின் கொழுந்தைக் கொண்டே நடந்தது. கொழுந்தைக் கிள்ளிய கையின் சம்பளத்தை அது தொடவில்லை.

மடுவத்துத் தராசு

கணினி விளையாட்டுகளில் கட்டப்படும் உலகங்களுக்கும் பொருளாதாரம் உண்டு. 'ஈவ் ஆன்லைன்' என்ற விண்வெளி விளையாட்டை நடத்தும் நிறுவனம் 2007இல் ஒரு பொருளியலாளரையே வேலைக்கு வைத்தது. அத்தகைய உலகங்களில் பணம் உள்ளே வரும் ஊற்றையும் வெளியேறும் வடிகாலையும் சமன்செய்வது வடிவமைப்பாளரின் வேலை. ஊற்றும் வடிகாலும் ஒரே கையில் இருந்தால் விளையாடுபவர் எவ்வளவு சம்பாதிக்கலாம், எவ்வளவு மிச்சப்படுத்தலாம் என்பதை அந்தக் கை முன்கூட்டியே நிர்ணயித்துவிடலாம்.

தோட்டத்தில் ஊற்று இருக்கும் இடம் கொழுந்தை நிறுக்கும் மடுவம். பறித்த கொழுந்தைச் சாக்கோடு தராசில் வைப்பார்கள். எண் தெரியும். ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கிலோ கழிக்கப்படும். எவ்வளவு கழிப்பது என்பதை நிறுப்பவர் சொல்வார். ஒரு பேருக்கு எத்தனை கிலோ என்ற அளவு தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் மாறும். அந்த அளவுக்கு ஒரு கிலோ குறைந்து நிற்பவருக்கு, கழிக்கப்பட்ட இரண்டு கிலோ வெறும் எண் அல்ல, அரை நாள் சம்பளம். வடிகால் சம்பளச் சீட்டில் இருக்கும்: சேமலாப நிதி, சங்கச் சந்தா, தேயிலைத் தூள், கோயில் பணம், தீபாவளி முற்பணம். இவற்றில் சில அவசியமானவை, சில தொழிலாளியே விரும்பிக் கொடுப்பவை. ஆனால் எல்லாமே சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே கழிந்துவிடுகின்றன.

சம்பளத்தைக் கூறுபோட்டு எழுதுவதும் கணக்கெழுதுபவரின் கலைதான். 2016 கூட்டு ஒப்பந்தத்தில் 730 ரூபாய் என்று சொல்லப்பட்ட நாட்சம்பளத்தில் அடிப்படைச் சம்பளம் 500 மட்டுமே. மீதி 230 ரூபாய் வருகைக்கும் உற்பத்திக்கும் விலைப்பங்குக்கும் என்று நிபந்தனையோடு வந்தது. மழையில் நாட்கள் போனால் அந்த மீதியில் துண்டு விழும். ஆண்ட்ரூ நிக்கோல் 2011இல் இயக்கிய 'இன் டைம்' படத்தில் மனிதர்களின் ஆயுள் நேரமே பணம். நேற்று ஒரு மணி நேரமாக இருந்த பேருந்துக் கட்டணம் இன்று இரண்டு மணி நேரம் என்று திடீரென மாறுவதால் ஒரு தாய் உயிரிழக்கிறாள். விதியை மாற்றியவரை அவள் பார்த்ததுகூட இல்லை.

ஒரே ஊரில் ஒரே முதலாளி இருக்கும் இடத்தில் சம்பளம் ஏன் தாழ்ந்தே நிற்கும் என்பதைப் பொருளியலாளர் ஜோன் ராபின்சன் 1933இல் கோட்பாடாக விளக்கினார். போட்டிக்கு வேறு முதலாளி இல்லாததால் விலை பேச இடமில்லை. அந்த நிலையில் சட்டம் போடும் குறைந்தபட்சக் கூலி, விலை பேச முடியாதவருக்காக அரசு பேசும் பேச்சு. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நிறைவேறியது. 1929இல் நடைமுறைக்கு வந்த முதல் விகிதத்தில் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, சிறுவருக்கு 32. பெண்ணின் உழைப்புக்கு 11 சதம் குறைவு என்பதைச் சட்டமே எழுதிவைத்தது. ஆனால் முதன்முறையாக, கணக்கில் ஒரு எண் தோட்டத்துக்கு வெளியே எழுதப்பட்டது. அந்த வகையில் அது பெரிய மாற்றம்.

வெளியேறும் வாசல்

மூன்றாவது கேள்வியே மிகக் கடினமானது. தோட்டத்தை விட்டுப் போக வேண்டுமானால் பற்றுச்சீட்டு வேண்டும். பேச்சில் பத்துச்சீட்டு. அது இல்லாமல் அடுத்த தோட்டத்தில் வேலை கிடைக்காது. விரும்பிக் கேட்டால் கிடைக்காத அதே சீட்டு, எதிர்த்துக் குரல் கொடுத்தவருக்குத் தண்டனையாக உடனே கிடைத்தது. வீடும் வேலையும் ஒரே எஜமானிடம் இருந்ததால் வேலை போனால் லயத்துக் காம்பராவும் போனது.

பிறகு வாசல் நாட்டின் எல்லைக்கு நகர்ந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம், நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்த மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. 1,50,000 பேரின் முடிவு பின்னுக்குத் தள்ளப்பட்டது. அந்த ஒப்பந்தத்தில் பணத்தைப் பற்றியும் ஒரு பிரிவு உண்டு. போகும் குடும்பம் சேமலாப நிதி, பணிக்கொடை உட்படத் தன் சொத்தைக் கொண்டுபோகலாம், அதற்கான உச்சவரம்பு 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கப்படாது என்றது அது. மூன்று நான்கு தலைமுறை உழைத்த ஒரு குடும்பத்தின் கணக்குக்கு இரண்டு அரசுகள் பேசிவைத்த தொகை அது.

செவ்வாய்க்கும் ஒரு துண்டு

இதையெல்லாம் இப்போது ஏன் எண்ணிப் பார்க்க வேண்டும்? 2020 ஜனவரியில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனர் எலான் மஸ்க், செவ்வாய்க்குப் போக விரும்புபவரிடம் பணம் இல்லாவிட்டால் கடன் கிடைக்கும், அங்கே வேலைகள் நிறைய இருக்கும் என்று பொதுவெளியில் எழுதினார். பயணச் செலவுக்குக் கடன், சேர்ந்த இடத்தில் உழைத்து அடைப்பது. நம் பாட்டன்மார் இதே பேச்சைக் கங்காணி வாயால் கேட்டவர்கள். மலையில் அரிசியின் விலை எழுதப்பட்டது, செவ்வாயில் மூச்சுக் காற்றின் விலை எழுதப்படும். திரும்பி வரும் கப்பலும் கடன் கொடுத்தவருடையதாகவே இருக்கும்.

ஆகவே எதிர்காலப் பொருளாதாரத்தைக் கற்பனை செய்ய விரும்பும் மலையகத்து இளம் எழுத்தாளர்கள் கடன் வாங்கிய கனவுகளுக்குப் போக வேண்டாம். துண்டும் தகர டிக்கெட்டும் அரைப் பேரும் பத்துச்சீட்டும் கொண்ட ஓர் உலகம் நம் குடும்பங்களின் நினைவில் இருக்கிறது. அதை அறிந்தவர் எழுதும் விண்வெளிக் கதையில் பணம் பொய்யாக இருக்காது.

வீட்டுப் பெட்டியில் பழைய சம்பளச் சீட்டோ, செக்ரோல் தாளோ, பத்துச்சீட்டோ இருந்தால் எறிந்துவிடாதீர்கள். படமெடுத்து வையுங்கள். கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்தில் இயங்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் சேர்த்துவிடுங்கள். இந்த மக்களின் கணக்கை இதுவரை மற்றவர்கள்தான் எழுதினார்கள். இனி அதைப் படிக்கவும் திருத்தவும் எழுதவும் வேண்டியவர்கள் நாமே.